கமிட்டி உட்கார வேண்டிய இடம்

ஆசைப்பட்டு வாங்கிய ஸ்டூடியோ ஸ்பீக்கர் இரண்டையும் ஒரு வருஷமாக அலுமாரியின் மேல் பூச்சாடி மாதிரி வைத்திருக்கிறவன் நான். அதனால்தான் மலையகத்து டயகம பஸ்ஸில் முன் சீட்டு இளைஞர்கள் இருவரும் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று பேச ஆரம்பித்ததும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர்களில் மெலிந்தவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், குடும்பத்தோடு இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவிலேயே ஸ்டூடியோ நடத்துகிறார். தோட்டத்துக் கோயில் திருவிழாப் பாட்டை அவர்தான் பதிவு செய்திருக்கிறார்.

“ரூம்ல பேஸ் இடிக்குதேன்னு பாட்டுல அதைக் குறைச்சேன் மச்சான். கோயில் மைக் செட்டுல போட்டா மேளத்தையே காணோம். நாளைக்குக் கோயில் கமிட்டி வீட்டுக்கு வந்து கேக்குது. புடிக்கலன்னா ஹட்டன் ஸ்டூடியோவுக்குக் குடுத்துருவாங்க.”

“மூலையில செவத்தோட ஒட்டி வச்சா இடிக்கத்தான் செய்யும். முன்னால இழு. ரெண்டு ஸ்பீக்கரும் ஒன் தலையும் முக்கோணமா வரணும்.”

“இழுத்துப் பாத்தேன். தலை வர்ற எடத்துல அடுப்பு இருக்கு.”

“அடுப்பைத் தள்ளு.”

“அதை எங்கம்மாகிட்ட நீ வந்து சொல்லு.”

மெலிந்தவரே தொடர்ந்தார்:

“பக்கத்துக் காம்பரா அக்கா மட்டும், செவத்துக்கு அந்தப் பக்கம் மேளம் நல்லா கேக்குதுன்னாங்க.”

“அப்புறம் என்னடா, கமிட்டியை அங்க உக்கார வை.”

அடுத்த வாரம் அதே பஸ்ஸில் அதே இருவர்.

“அக்கா வீட்டுல உக்கார வச்சியா? பாட்டு பாஸா?”

“பாஸ்தான் மச்சான். அக்கா சுட்ட ரொட்டி ரொம்ப நல்லா இருந்துச்சாம்.”