புகார்ப் பெட்டியின் சாவி

என் மகளுக்கு நேராக மார்ஜின் போட வராது, ஐயா. அவளுடைய நோட்டுகளுக்கெல்லாம் நான்தான் போட்டுக் கொடுப்பேன். சிவப்பு மையில் இரண்டு கோடுகள், இடையில் ஒரு நூல் இடைவெளி. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெட்டியில் விழுந்த அந்தக் காகிதத்தை நான் அடையாளம் கண்டது கையெழுத்தை வைத்து அல்ல, நான் போட்ட கோட்டை வைத்துத்தான்.

ஆலையில் ஆட்களுக்கு டியூட்டி எழுதுவது என் வேலை. அலுவலக வாசலில் தொங்கும் புகார்ப் பெட்டியின் சாவியும் என்னிடம்தான். பெயர் போடத் தேவையில்லை என்று பெட்டிமேல் எழுதியிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்குத் திறப்பேன். கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை, மின்விசிறி ஓடவில்லை என்று ஏதாவது இருக்கும். ஒருமுறை மேனேஜரைத் தொப்பையோடு வரைந்து போட்டிருந்தார்கள். படம் நன்றாகவே இருந்தது.

இந்தக் காகிதம் வேறு மாதிரி. கழிவுத் தொட்டியைக் கழுவ ஆள் இறங்குமுன், உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. அது செத்து மூன்று மாதம் ஆகிறது, எங்கே வைத்தாலும் பூஜ்ஜியம்தான் காட்டுகிறது, தெரிந்தே ஆளை இறக்குகிறார்கள் என்று எழுதியிருந்தது. ஸ்டோரிலிருந்து மீட்டரை எடுத்துக் கொடுப்பவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தான்; மகளின் நோட்டில் தாள் கிழித்து எழுதியிருக்கிறான். வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

நான் என்ன செய்ய முடியும்? மேலே கொடுத்தால் அவன் வேலை போகும், சிபாரிசு செய்த என் தலையும் உருளும். கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. மேசை டிராயரில் வைத்தேன்.

அன்று சாப்பிடும்போது கேட்டான். "பொட்டியில ஏதாவது இருந்துச்சா மாமா?"

"வெறும் தூசிதான்."

அவன் முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. அடுத்த வாரமும் எழுதினான், அதற்கடுத்த வாரமும் எழுதினான். நானும் தூசி என்றே சொன்னேன். நான்காவது கடிதத்தில், இனி வெளியே போய் அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன் என்று இருந்தது. ஆலையை மூடினால் முந்நூறு வீட்டில் அடுப்பு எரியாது. அந்த ஒன்றை மட்டும் மேனேஜரிடம் கொண்டுபோனேன்.

"யாரு இது?" என்றார்.

"தெரியல சார்."

நான் பெயரைச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சிரித்தார். "உனக்குத் தெரியும்யா. யாரா இருந்தாலும் ஒரு தடவ தொட்டியில எறக்கி விடு. எறங்குனவன் எழுத மாட்டான். நீயே பாத்துக்க."

யோசித்தால் அதிலும் நியாயம் இருந்தது. மீட்டர் சரியாக இருக்கிறது என்று தானே கையெழுத்துப் போட்ட பிறகுதான் யாரும் இறங்க வேண்டும். தன் கையெழுத்துக்கு எதிராகத் தானே எப்படிப் புகார் சொல்வான்? அவன் வேலை தங்கும், என் வீடும் நிம்மதியாக இருக்கும். புதன்கிழமை தொட்டி டியூட்டியில் அவன் பெயரை எழுதினேன்.

பலகையைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். "மேனேஜர் போடச் சொன்னாரா மாமா?"

"ஆமாப்பா. பத்து நிமிஷ வேலதான்."

"நீங்க சொன்னா சரி."

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெயரை அடித்திருப்பேன். அவன் சொல்லவில்லை.

ஏணியில் ஐந்தாவது படியில் தலை மறைந்தது. நான் மேலே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே புருசு தேய்க்கும் சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. பத்து நிமிடம் என்று சொல்லியிருந்ததால் பத்து நிமிடம் ஆகும்வரை நான் கூப்பிடவில்லை.

என் மனைவி இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை துக்க வீட்டிலிருந்து வந்து, நாலு மணிக்கு வழக்கம்போல் பெட்டியைத் திறந்தேன். சிவப்புக் கோடு போட்ட காகிதம் ஒன்று இருந்தது. இறங்குவதற்கு முன் போட்டிருக்கிறான்.

"கள்ளச்சாவி போட்டு என் கடிதங்களை எடுக்கிறவருக்கு. இந்த ஒன்றையாவது பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். சாவி வைத்திருப்பவர் என் மாமா. அவர் கண்ணில் பட்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்."

அன்று மாலையே பூட்டை மாற்றிவிட்டேன், ஐயா. புதுச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது.