நாலு பக்கப் பதில்

பூவம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மீன்கடைக்காரரும் அவர் மனைவியும்.

“ஏங்க, போன் சொன்னதக் கேட்டா என் தம்பியக் கடை வேலைய விட்டு நிறுத்துனீங்க?”

“போன மாசம் வியாபாரம் ஏன் படுத்துச்சுன்னு ஏஐகிட்ட கேட்டேன். சுருக்கமா சொல்லுன்னேன். ‘விற்பனையில் கவனம் தேவை’ன்னுச்சு. விக்கிறது உன் தம்பிதானே?”

“விவரமா கேக்குறதுக்கென்ன?”

“நாலு பக்கம் எழுதுது. யாரு படிக்கிறது?”

“இப்ப கேட்டுப் படிங்க.”

கேட்டார். தள்ளித் தள்ளிப் படித்தவரின் விரல் கடைசிப் பக்கத்தில் நின்றது.

“புரட்டாசியில பலரும் மீன் சாப்பிட மாட்டாங்கன்னு போட்டிருக்கு.”

“நம்ம வீட்லயே மாசம் பூரா சாம்பார்தானே ஊத்துனேன்!”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பூவம் வந்துடுச்சு, எறங்குங்க. தம்பிகிட்ட மன்னிப்பையாவது விவரமா கேளுங்க.”