பால் இஞ்சின்

மலாயாவில், ரந்தாவிலிருந்து சிரம்பானுக்குப் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தவர் சொன்னார்:

“சிரம்பான் ஆபீஸ்ல தோட்டத்துப் பெரிய துரையப் பாத்து அந்த இஞ்சினக் கேக்கப் போறேன்.”

“தண்டவாளத்துல ரப்பர் பால் தொட்டி இழுக்குமே, அந்தக் குட்டி இஞ்சினா? எதுக்குக்கா?”

“பால் ஏத்த லாரி வந்திருச்சு, இனி அதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடணும்னு கணக்கெழுதுற கிராணி சொல்றாரு. சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் சயாம் ரயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருவான்னு, உங்க மாமா அதோட சாமானெல்லாம் கழட்டி மாட்டுக் கொட்டாய்ல புதைச்சு வச்சாரு. தெரிஞ்சிருந்தா தலைய வெட்டியிருப்பான். சண்டை முடிஞ்சதும் அவரேதான் பூட்டி ஓட்டினாரு.”

“அதுல உக்காந்திருக்கும்போதுதானே மாமாவக் கம்யூனிஸ்டு சுட்டான். அதைப் பாத்துக்கிட்டு எப்படிக்கா இருப்பீங்க?”

“அவரு உசிரப் பணயம் வச்சுக் காப்பாத்தினது அது ஒண்ணுதான்லா. பால் ஸ்டோர் ஓரமா நிக்கட்டும்.”

இளையவர் சொன்னார்:

“அக்கா, சொல்ல வாய் வரல. நேத்தே வெட்டிட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் சேந்துதான் வெட்டினாரு.”

வழியில் பட்டாளத்துக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, கம்யூனிஸ்டுகளைத் தேடும் சோதனைக்காக எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். நாங்கள் இறங்கினோம். வெள்ளைச் சேலைக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. இளையவர் திரும்ப ஏறிப் போய்க் கையை நீட்டினார். அதை அவர் பற்றிக்கொள்ளவில்லை.