மணிக்குக் கட்டிய நூல்

அந்த அலமாரிக்கு மேலே இருக்கிற மூன்று அரிக்கேன் விளக்குகளையும் நீங்கள் விற்றுவிடலாம், ரைட்டர் ஐயா. கண்ணாடியில் படிந்திருக்கிற தூசியைப் பார்த்தாலே தெரிகிறது, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கரண்ட் வந்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் போட்டால் கரண்ட் வராத கூக்கால் ஊர்க்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சும்மா கிடக்கிற சாமானைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். உட்காரச் சொன்னீர்கள், உட்காருகிறேன். அதிக நேரம் முடியாது.

பெயர் அடைக்கலமேரி. வயது நாற்பத்தொன்பது. வீடு அட்டுவம்பட்டியில். பள்ளிக்கூட ஹாஸ்டலில் துணி தைக்கிற வேலை. கிழிந்த விரிப்பு, பொத்தான் போன சட்டை எல்லாம் இருபத்திரண்டு வருஷமாக என் கைக்குத்தான் வருகிறது. என் மதினி, வீட்டுக்காரரின் அக்காள் கித்தேரியம்மாள் இறந்தது பற்றி நர்ஸ் உபகாரம் எழுதிக் கொடுத்த மனுவை வாசித்துக் காட்டினீர்கள். அதில் இருப்பது எல்லாம் சரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தப்பு. ‘ஈவிரக்கமில்லாமல்’ என்று எழுதியிருக்கிறாள். எனக்கு இரக்கம் உண்டு. அதோடு ஒரு முறையும் உண்டு. அந்த முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்த மிஸ்ஸியம்மா சீமைக்குத் திரும்பிப் போகும்போது, சாமான்களை ஒதுங்க வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். உங்களுக்கும் தெரியும், வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது பங்களா வராந்தாவில் எல்லாவற்றையும் பரப்பி விற்பார்கள், டவுனே திரண்டு போகும். எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று அந்த அம்மா மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சாமானிலும் ஒரு வெள்ளை நூலைக் கட்டச் சொன்னார்கள். கரண்டியானால் அது தொங்குகிற ஆணியோடு சேர்த்து, பெட்டியானால் மூடியைச் சுற்றி. சாமானை எடுத்தால் நூல் அறும். ஒரு மாதம் அறாமல் இருந்தால் அது நமக்கு வேண்டாத சாமான். ‘மேரி, நாம பொய் சொல்லுவோம், நூல் பொய் சொல்லாது’ என்பார்கள். எனக்கு அது வேதவாக்கு மாதிரி மனதில் தைத்துக்கொண்டது.

எங்கள் வீடு எழுபத்தைந்தாம் வருஷம் அடமானத்துக்குப் போனது. என் வீட்டுக்காரர் ஜெபதுரை தன் அக்காளுக்கு மதுரையில் வைத்தியம் பார்க்க, வத்தலக்குண்டு வேலப்பனிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கினார். ஐந்து வருஷத் தவணை. அடுத்த வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. மதினியும் நானும் மிச்சம். மதினிக்கு இளைப்பு நோய். மதுரை வைத்தியத்தில் கொஞ்சம் அடங்கியது, போகவில்லை.

நம் வீட்டுப் பத்திரம் அடுத்தவன் பெட்டியில் இருக்கிறது என்கிற நினைப்பு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியுமா, ஐயா? சோறு இறங்காது. தைக்கும்போது ஊசி விரலில் ஏறும். ஜெபம் பாதியில் நிற்கும். ஐந்து வருஷம் பொறுக்க என்னால் ஆகாது என்று முதல் மாதமே தெரிந்துவிட்டது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டினால் தவணை முடிகிற வரை ஆகும். ஆனால் வீடு முழுக்கச் சாமான் இருந்தது. மிஸ்ஸிமார் ஒவ்வொருவராகப் போகும்போது என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தவை: ஜாம் பாட்டில்கள், கேக் தட்டுகள், கால் உடைந்த பியானோ ஸ்டூல், பனிச்சறுக்குக் கட்டை ஒரு ஜோடி. கொடைக்கானலில் பனிச்சறுக்குக் கட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“ஏ மேரி, அது ஒன்ன என்ன செய்யுது? கெடந்துட்டுப் போகட்டும்” என்பார் மதினி. எதைத் தொட்டாலும் இதே சொல்தான்.

நூல் கட்டினேன். முதலில் என் சாமானுக்குத்தான். என் கலியாணப் பட்டுக்குக் கட்டினேன், அறவில்லை, விற்றேன். அவருடைய கம்பளிக் கோட்டுக்குக் கட்டினேன். அதை ஒரு தடவையாவது எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும்போல இருந்தது. எடுத்தால் நூல் அறும். எடுக்கவில்லை. விற்றேன், அன்று முழுக்க அழுதேன். ஆகவே ஓரவஞ்சனை செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் சந்தையில் ஒரு சாக்கை விரித்து உட்காருவேன். வீட்டில் ஒரு மூலை காலியானால் என் நெஞ்சில் ஒரு மூலை லேசாகும்.

பிறகு மதினியின் சாமான்கள். அவருக்கு மூன்று கம்பளிகள் இருந்தன. இரண்டுக்கு நூல் கட்டினேன், ஒரு மாதம் பார்த்தேன், அறவில்லை, ஒரு காட்டேஜ்காரருக்கு விற்றேன். நூல் கட்டியது போன வருஷம் ஏப்ரல் மாதம். ஏப்ரலில் யார் மூன்று கம்பளி போர்த்துவார்கள் என்று உபகாரம் கேட்டாள். நான் சொன்னேன், முறை என்றால் முறை, மாதத்துக்கு மாதம் வேறு வேறு முறை வைத்துக்கொள்ள முடியாது. ஜூலையில் காற்றும் மழையும் வந்தபோது மதினி உருளைக்கிழங்குச் சாக்கை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டார். சாக்கு போதும் என்றுதானே அதற்கு அர்த்தம்.

இனி மணி. உங்கள் மேசை மேல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். மரக் கைப்பிடி போட்ட பித்தளை மணி, பழைய பள்ளிக்கூட மணி. மதினிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால் குரல் எழும்பாது. நான் எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ஐந்துக்குத்தான் திரும்புவேன். மேல்ரோட்டில் உபகாரம் வீடு. மணி அடித்தால் ஊசியோடு இறங்கி வருவாள் என்று ஏற்பாடு. மிஸ்ட் இறங்கிவிட்டால் பத்தடியில் ஆள் தெரியாது, ஆனால் மணிச் சத்தம் கேட்கும். அதை மதினி கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் என் வீட்டுக்காரர்தான் வைத்தார்.

ஜூலை கடைசியில் அந்த மணிக்கு நூல் கட்டினேன். கைப்பிடியிலிருந்து ஸ்டூல் காலுக்கு.

மதினி பார்த்துக்கொண்டே இருந்தார். “இதுக்குமா, தாயி?” என்றார்.

“எல்லாத்துக்கும்தான் மதினி. தேவைன்னா நூல் அந்துரும், மணி வீட்டுலயே இருக்கும். நானா எடுத்துக்கப் போறேன்?”

“அடிக்காம இருந்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். அதுக்காக மணி வேண்டாம்னு அர்த்தமா?”

புத்தியுள்ள பேச்சுதான். இரண்டு நாள் அது என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் இப்படி ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நியாயம் சொல்ல ஆரம்பித்தால் வீடு எப்போது மீளும்?

ஆகஸ்டு முடியும்போது பத்திரத்தை மீட்கக் கொஞ்சம் பணம்தான் குறைந்தது. லேக் பக்கம் ஒரு ஹோட்டல்காரர், கவுண்டரில் வைக்க வெள்ளைக்காரன் காலத்து மணி வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். வேலப்பன் பத்திரத்தை எடுத்துக் கொடுக்கும்போது சிரித்தார். “என்னம்மா இம்புட்டு அவசரம்? இன்னும் பதினாறு மாசம் கெடக்கே. மெதுவாக் கட்டியிருக்கலாம்ல?” மெதுவாக என்கிற சொல்லே எனக்கு ஆகாது என்று அவருக்கு எப்படித் தெரியும். பத்திரத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலை ஏறுகிற வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்காவது மனசு அடங்கும் என்று இருந்தேன். அடங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹாஸ்டலில் அரை நாள் லீவு. மதியம் மூன்று மணி இருக்கும், மிஸ்ட் ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது. நான் முன்னறையில் காலியான அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுகிற சத்தம் வந்தது. மணிக்குப் பதில் டம்ளர். மணியை விற்றதற்கு என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். உபகாரத்திடம் நான் இப்படித்தான் சொன்னேன், அவளும் அதைத்தான் மனுவில் எழுதியிருக்கிறாள்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, நான் அப்படி நினைக்கவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளுக்கு இளைப்பு எது, வீம்பு எது என்று தெரியாதா? அன்றைக்குக் கேட்டது இளைப்பு. மேல்ரோட்டுக்கு ஏற ஐந்து நிமிஷம். அலமாரியில் இரண்டு தட்டுகள் துடைத்திருந்தேன், இரண்டு பாக்கி. ஒரு சோலியைப் பாதியில் விட்டு எழுந்திருக்க எனக்கு வராது. முடித்துவிட்டு உபகாரத்தைக் கூப்பிடப் போனேன். அப்போது சத்தம் நின்றிருந்தது. உபகாரம் ஓடி வந்தாள், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அடக்கம் நல்லபடியாக நடந்தது.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு அந்த ஹோட்டலுக்குப் போனபோதுதான் உபகாரம் கவுண்டரில் மணியைப் பார்த்திருக்கிறாள். கைப்பிடிப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நூல் முடிச்சுகளையும் பார்த்திருக்கிறாள். ஒரு சாமானுக்கு ஒரு நூல், ஒரு முடிச்சுதானே இருக்க வேண்டும், இதில் ஏன் ஒன்பது இருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல கண்.

ஒன்பது தடவை கட்டினேன், ஐயா. கடைசியதை விற்கும்போது நானே அறுத்தேன், மற்ற எட்டும் அதற்கு முன்பே அறுந்தவை. முதல் தடவை நான்காம் நாளே. வேலை முடிந்து வந்து பார்த்தால் நூல் இரண்டாகக் கிடக்கிறது. உபகாரம் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் பாதி அடங்கிவிட்டதாம். தானாக அடங்குவதற்கு அடித்தது கணக்கில் சேராது என்று வேறு நூல் கட்டினேன். இரண்டாம் தடவை பயத்தில் அடித்தது, அதுவும் சேராது. அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை. விரலை விட்டு நூலை மட்டும் அறுத்து வைத்திருந்தார், மணி போய்விடக் கூடாது என்று. எழுபது வயது மனுஷி, மூச்சுக்குப் பயந்து, நான் இல்லாத நேரம் பார்த்து நூலை அறுத்துவிட்டு, நான் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். நானும் மடியிலிருந்து ஊசி நூலை எடுத்துக் கட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். கடைசித் தடவை கட்டும்போது மட்டும் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். “கட்டு தாயி, கட்டு” என்றார். அவ்வளவுதான்.

இப்போது வீடு என் பெயரில், சுத்தமாக இருக்கிறது. உள்ளே பேசினால் எதிரொலிக்கிறது. கட்டுவதற்குச் சாமான் இல்லை, கையோ சும்மா இருக்கவில்லை. டிசம்பர் முதல் தேதி என் வாசல் கேட்டுக்கு ஒரு நூல் கட்டினேன். நான் பின்பக்கமாகவே போய் வருகிறேன். பாட்டுக்காரர்கள் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போனார்கள், கேட்டது. ஜனவரி பிறந்து எட்டு நாள் ஆகிறது. இன்று காலை உங்கள் கான்ஸ்டபிள் தள்ளிக்கொண்டு வந்ததில்தான் அறுந்தது. அவர் வந்தது கணக்கில் சேராதல்லவா? ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லி, வேறு நூல் கட்டிவிட்டுத்தான் அவரோடு வந்தேன்.