எட்டாயிரம் ரூபாப் படம்

— எட்டாயிரமோ? தங்கச்சி, ஒருக்கால் திருப்பிச் சொல்லும். வெய்யிலுக்கை வந்தனான், காது அடைச்சுப்போச்சோ தெரியேல்லை.

— எட்டாயிரம்தான் இராசநாயகம் அண்ணை. உங்கடை காது நல்லாத்தான் இருக்கு.

— இவ்வளவு நேரமும் மற்றப் படங்களுக்கு என்ன சொன்னனீர்? சின்னது முந்நூறு, பெரிசு எழுநூறு, போனுக்கு அனுப்பினா ஐந்நூறு. எல்லாத்திலையும் அதே பிள்ளை, என்ரை தக்சாயினி. அதே எண்ணூறு மீற்றர் ஓட்டம். அதே கமரா. கடைசிப் படத்துக்கு மட்டும் என்னெண்டு எட்டாயிரம் வந்தது?

— ஓட்டம் முடியிற இடத்துப் படம் அப்பிடித்தான் அண்ணை.

— அப்பிடித்தான் எண்டா எப்பிடி? நான் சண்டைக்குக் கேக்கேல்லை, அறியத்தான் கேக்கிறன். பண்டத்தரிப்பிலை நிரோஜாவின்ரை ஸ்ரூடியோ எண்டா ஞாயமான விலை எண்டுதான் எல்லாரும் சொன்னவை. சொல்லும் பாப்பம், ஒரு படத்துக்கு என்னெண்டு விலை வைக்கிறனீர்?

— காலமை ஏழு மணிக்கு மைதானத்துக்குப் போனா, வரப் பின்னேரம் ஆறு மணியாகும். நாள் முழுக்க முழங்காலிலை நிக்கிறது. முழங்கால் ரண்டும் இப்ப என்ரை சொல்லுக் கேக்கிறேல்லை. ஒரு போட்டிக்கு மூவாயிரம் படம் எடுத்தா முப்பது பேர்தான் வாங்குவினம். வாங்காத ஆக்களுக்குக் காய்ஞ்ச வெய்யிலையும் வாங்கிற ஆக்களிட்டைத்தானே எடுக்கவேணும்?

— மிச்சப்பேர் ஏன் வாங்கிறேல்லை?

— பாத்துத் தெரிவு செய்யச் சொல்லி வட்ஸ்அப்பிலை அனுப்புறனான். குறுக்காலை ஸ்ரூடியோப் பேர் போட்டுத்தான் அனுப்புறது. அதை அப்பிடியே எடுத்துப் பேஸ்புக்கிலை போட்டிடுவினம். பிள்ளையின்ரை மூக்குக்கு மேலை என்ரை பேர் கிடக்கும். அது பறவாயில்லையாம்.

— அடக் கோதாரி. நேர வந்து விலை கூட எண்டு சண்டை பிடிக்கிற ஆக்களும் இருக்கினமோ?

— போன கிழமை ஒரு தகப்பன் வந்தவர். பிள்ளை தன்ரையாம், மைதானம் பள்ளிக்கூடத்தின்ரையாம், வெளிச்சம் கடவுளின்ரையாம். உமக்கு என்னத்துக்கு எழுநூறு எண்டு கேட்டவர்.

— கேள்வி பிழையில்லையே. நீர் என்ன சொன்னனீர்?

— நல்லது ஐயா, அந்த மூண்டையும் கொண்டுபோய்ச் சுவரிலை கொழுவுங்கோ எண்டன்.

— அய்யோ. பேந்து?

— மனிசிக்காரி பக்கத்திலை நிண்டு சிரிச்சிட்டா. ரண்டு படம் வாங்கிக்கொண்டு போச்சினம்.

— குறைச்சுத் தரச் சொல்லிக் கெஞ்சினா?

— விலையை இறக்கமாட்டன். படத்தைச் சின்னதாக்குவன். எழுநூறு கூடவெண்டா முந்நூறுப் படம் இருக்கு, கையிலை பிடிச்சுப் பாக்கலாம். இண்டைக்கு ஒராளுக்கு எழுநூறை ஐந்நூறாக்கினா, நாளைக்கு ஊர் முழுக்க அது ஐந்நூறுதான்.

— இந்தக் கதை எங்கடை தொழிலிலையும் இருக்கு தங்கச்சி. கிணறு வெட்டுறதெண்டா மண்ணுக்கு அடிக்கு ஒரு விலை, கல்லு வந்தா வேறை விலை. உள்ளை இறங்கின பிறகு, ஐயோ இராசநாயகம் கூடச் சொல்லுறாய் எண்டு மேலை நிண்டு அழுவினம். அப்ப ரண்டு அடி குறைச்சு வெட்டுறன், தண்ணி வராட்டி என்னைக் கேக்காதேங்கோ எண்டுவன். வாய் மூடியிடும்.

— பாத்தியளோ, உங்களுக்குத் தெரியாததே?

— தெரியும். அதுதான் இன்னொண்டு கேக்கப்போறன். எங்களிட்டை மூண்டாவதாயும் ஒரு விலை இருக்கு. வேலைக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லுற விலை. ஏலாது எண்டு முகத்துக்கு நேரை சொன்னா ஆக்களுக்குக் கோவம் வரும். அதுக்காண்டி, கேட்டவுடனை தலையைச் சுத்துற மாதிரி ஒண்டைச் சொல்லிவிடுறது. அந்தாள் தானாய் எழும்பிப் போயிடும்.

— ம்.

— நாலு வரியத்துக்கு முன்னம் புத்தூரிலை ஒரு கிணறு. சுவர் முழுக்க உதிர்ந்துகொண்டு நிண்டது. இறங்கினா ஏறமாட்டன் எண்டு எனக்குத் தெரியும். ரண்டு மடங்கு விலை சொன்னன். மனிசன் வீட்டுக்குள்ளை போய்க் காசை எடுத்துக்கொண்டு வந்து கையிலை வைச்சிட்டார்.

— இறங்கினனீங்களோ?

— இறங்காமல்? விலை சொன்ன பிறகு ஏலாதெண்டா, அவன் என்ன தொழில்காரன்? மூண்டு நாள் வெட்டினன். இப்ப நீர் சொல்லும் தங்கச்சி. இந்த எட்டாயிரம் எந்த விலை?

— அண்ணை, இந்த வளைவுப் படத்தைப் பாருங்கோ. ரண்டு காலும் நிலத்திலை இல்லை. தலைமயிர் பின்னாலை நேராய்ப் போகுது. நான் எத்தினையோ பிள்ளையள் ஓடுறதை எடுத்திருக்கிறன், இப்பிடி ஒரு படம் எடுபடேல்லை. இதைப் பெரிசாய் அடிச்சுச் சட்டம் போட்டுத் தாறன். நீங்கள் காசு தரவேண்டாம்.

— வேண்டாமோ?

— சந்தோசத்துக்குத் தாறன்.

— விலையே இறக்கமாட்டன் எண்ட ஆள் இப்ப சும்மா தாறார். அந்தப் படத்துக்கு எட்டாயிரம், இந்தப் படம் சும்மா. எனக்குப் படிப்பில்லை, ஆனா மண்டை இருக்கு.

— நான் அப்பிடி ஒண்டும் நினைக்கேல்லை.

— எனக்கு வடிவு வேண்டாம் தங்கச்சி. நேற்று நடந்தது வலயப் போட்டி. முதலாவதா வாற பிள்ளைதான் மாகாணத்துக்குப் போகும். என்ரை பிள்ளைக்கு இது கடைசி வரியம், வாற வரியம் வயது தாண்டிவிடும். நடுவர்மார் லவீனா எண்ட வட்டுக்கோட்டைப் பிள்ளைக்கு முதலாமிடம் குடுத்திட்டினம். நான் காலமை வலயக் கந்தோருக்குப் போய் அதிகாரியளைக் கேட்டனான். வாயாலை சொன்னா எழுதேலாதாம். படம் கொண்டு வந்தா இண்டைக்கு நாலு மணி மட்டும் முறைப்பாடு எடுப்பினமாம். இப்ப ரண்டே கால்.

— தக்சாயினிதான் முன்னுக்கு வந்தவ எண்டு நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?

— கடைசி வளைவிலை அவதான் முன்னுக்கு. அது சத்தியம். பேந்து நேர்க்கோட்டிலை வரேக்கை... உண்மையைச் சொன்னா எனக்கு ஒண்டும் நினைவில்லை. கத்தினன். எங்கை நிண்டனான், ஆரை இடிச்சனான், ஒண்டும் தெரியாது. கண்ணுக்கை பிள்ளை மட்டும்தான். சுயநினைவு வந்து பாத்தா ஒலிபெருக்கியிலை லவீனாவின்ரை பேர் சொல்லுறாங்கள்.

— பிள்ளை என்ன சொல்லுறா?

— விடுங்கோ அப்பா எண்டுறா. ரண்டாமிடமும் நல்லதுதானேயாம். ஆறு மாதமாய் விடிய நாலரைக்கு எழும்பி ஒழுங்கையிலை ஓடின பிள்ளை. நாய் துரத்தினாலும் நிக்காமல் ஓடின பிள்ளை. அது விடுங்கோ எண்டு சொல்லுமோ? இரவு சாப்பிடேல்லை. என்ரை முகத்தையும் பாக்கிறாவில்லை. உள்ளுக்கை எரியிது அவவுக்கு.

— சில நேரம் பிள்ளையள் சொல்லுறதையும் கேக்கத்தான் வேணும் அண்ணை.

— சரி, நேரை கேக்கிறன். மற்றப் பகுதி ஆரும் இஞ்சை வந்தவையோ?

— எந்தப் பகுதி?

— லவீனாவின்ரை பகுதி. தகப்பன், மாமன், ஆரும். படத்தைக் குடுக்காதையும் எண்டு காசு ஏதும்...

— இராசநாயகம் அண்ணை. நான் தனிய நிண்டு இந்தக் கடையை ஏழு வரியமாய் நடத்துறன். ஒருத்தரிட்டையும் அப்பிடி ஒரு சதம் வாங்கேல்லை. அந்தக் கதையை இஞ்சை கதைக்காதேங்கோ.

— கோவிக்காதையும். பிழைதான், நான் கேட்டிருக்கக் கூடாது. அப்ப காசு வாங்காமல்? ஆரும் சும்மா வந்து கேட்டவையோ?

— ஓம். ஒராள் வந்து கேட்டது.

— ஆர்?

— அதைச் சொல்லமாட்டன். சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்.

— எட்டாயிரம் எண்டு சொல்லச் சொன்னதும் அந்த ஆளோ?

— ஓம். எட்டாயிரம் எண்டா நீங்கள் ரண்டு சத்தம் போட்டிட்டுப் போயிடுவியள் எண்டு அந்த ஆள் நினைச்சது.

— அப்ப அந்த ஆளுக்கு என்னை அரைவாசிதான் தெரியும். இந்தாரும். எண்ணிப் பாரும். நாளைக்குத் தொடங்கிற வேலைக்கு வாங்கின முன்பணம், எட்டும் அதிலை இருக்கு.

— காசை எடுங்கோ அண்ணை.

— விலை சொன்னது நீர்.

— வேண்டாம். நான் உங்களிட்டைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

— புத்தூர்க் கிணத்துக்கை நான் இறங்கினனான். நீரும் இறங்கும். படத்தைக் காட்டும்.

— ஒண்டில்லை, மூண்டு படம் இருக்கு. ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு, கண் வெட்டுறதுக்குள்ளை எடுத்தது. கதிரையை இஞ்சாலை இழுங்கோ. இது முதலாவது.

— பாத்தீரோ! பாத்தீரோ! மூண்டடி முன்னுக்கு நிக்கிறா. லவீனா பின்னாலை எங்கையோ. நான் சொன்னனான் எல்லோ?

— ஓம். அவதான் முன்னுக்கு. கோட்டுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு அடிதான்.

— அடுத்ததைக் காட்டும்.

— அண்ணை, முதல் படத்தோடை நிப்பாட்டுவம். அதைத் தாறன்.

— அதிலை கோடு இல்லையே. கோடு இல்லாத படம் கந்தோரிலை என்னத்துக்கு? காட்டும்.

— இது ரண்டாவது.

— ...இதென்ன? ஆர் இது, நடுவிலை?

— சனத்தை மறிச்சுக் கட்டின கயிற்றுக்கு உள்ளை வந்த ஒராள்.

— ஓடுற வழியிலையோ? இவனுக்கென்ன விசரோ? ரண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிக்கிறான். பிள்ளை இவனிலை மோதாமல் விலத்திறா, பாரும், கால் பிரண்டு போகுது. மூண்டாவதைக் காட்டும்.

— இந்தாங்கோ.

— லவீனா மற்றப் பக்கத்தாலை போறா. அவ்வளவுதான். ஒரு செக்கன். நடுவர்மார் ஏன் இதைக் காணேல்லை?

— அவை கோட்டைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை. சனமும் உள்ளை வந்திட்டுது. நான் கீழை முழங்காலிலை நிண்டபடியாத்தான் எனக்கு அம்பிட்டது.

— ஆறு மாதம் தங்கச்சி. ஆறு மாதம் அந்தப் பிள்ளை ஓடினது, இந்த மாடு குறுக்கை வந்து நிக்கவோ? முகம் தெரியிற படம் இல்லையோ?

— இல்லை. ஆள் நிக்கிற ரண்டிலையும் முதுகுதான்.

— பெருப்பிச்சுக் காட்டும். வெள்ளைச் சேட்டு. சாரத்தை மடிச்சுக் கட்டியிருக்கிறான். மைதானத்திலை பாதிப்பேர் அப்பிடித்தானே நிண்டது. பின்மண்டையிலை மயிரும் இல்லை. லவீனாவின்ரை மாமனாய்த்தான் இருப்பான், வேணுமெண்டு செய்திருக்கிறான்.

— வேணுமெண்டு செய்யேல்லை அண்ணை. அந்த ஆளின்ரை கையைப் பாருங்கோ. பிள்ளையைக் கட்டிப்பிடிக்கத்தான் விரிச்சிருக்கு.

— விரிச்ச கை! மற்றவையின்ரை பிள்ளையைக் கட்டிப்பிடிக்க இவன் ஆர்? மூண்டையும் அடிச்சுத் தாரும். முறைப்பாட்டிலை இவனைத்தான் முதல் எழுதுவன். கந்தோரிலை குடுத்திட்டு, வட்டுக்கோட்டையிலை வீடு வீடாய்க் கொண்டு திரிஞ்செண்டாலும் ஆளைப் பிடிப்பன். பிடிச்சுப் பிள்ளைக்கு முன்னாலை கொண்டுவந்து நிப்பாட்டிக் கேப்பன்.

— பிள்ளைக்கு முன்னாலை வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? ஆர் தன்னைக் கெடுத்ததெண்டு அவ அறியவேண்டாமோ?

— அவவுக்குத் தெரியும். நேரை பாத்தவ அவதானே.

— தெரிஞ்சுகொண்டோ எனக்குச் சொல்லாமல் இருக்கிறா? ஆருக்குப் பயந்து? சொல்லும் தங்கச்சி, உமக்கும் தெரியும்போலை கிடக்கு. இவன் ஆர்?

— அண்ணை, இந்த முதுகு உங்கடை எண்டு உங்களுக்குத் தெரியவரக் கூடாதெண்டுதான், உங்கடை மகள் காலமை வந்து எட்டாயிரம் எண்டு சொல்லச் சொல்லிப்போட்டுப் போனவ.