எட்டு டிகிரி

எங்கள் வீட்டில் தர்பூசணியை ஜில்லென்றுதான் சாப்பிடுவோம். அதனால் வண்டியில் எப்போதும் ஒரு ஐஸ் பெட்டி இருக்கும். நீங்கள் அதைப் பற்றிக் கேட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா நவ்வாஃப் அகபா துறைமுகத்திலிருந்து எங்கள் ஊர் மஃப்ரக்குக்குக் குளிர்வண்டியில் இன்சுலின் ஏற்றி வருவார். போனில் வருவதைப் படிக்க அவருக்கு வராது. விடுமுறை நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்வேன். மருந்துக்கு நடுவே கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்று இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டை அளந்து பிளாக்செயினில் எழுதிவிடும். எழுதியதை முதலாளியே நினைத்தாலும் அழிக்க முடியாது. எட்டு டிகிரியைத் தாண்டாவிட்டால், சரக்கு இறங்கியதும் வாடகை போனுக்கு வந்துவிடும். தாண்டினால் ஒன்றும் வராது. மூன்று முறை தாண்டினால் வண்டியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும். கெஞ்சிப் பார்க்க அங்கே ஆள் கிடையாது. அப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஆகியிருந்தது.

ஜூலையில், வழியில் கத்ரானா என்ற ஊரைத் தாண்டியதும் குளிர் எந்திரம் நின்றது. வெளியே நாற்பத்தொரு டிகிரி. அப்பா இறங்கி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுதும்மா லுஜைன். உன் தம்பி ஊசிக்கு நான் இனிமே எங்க போவேன்?"

தம்பி சனதுக்கு ஏழு வயது, சர்க்கரை வியாதி. தினமும் நான்கு ஊசி.

கருவி அப்போது ஏழு காட்டியது. அதை எடுத்து, ரொம்பவும் குறைவாகக் காட்டி நாங்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் தர்பூசணிக்குப் பக்கத்தில் வைத்தேன். "இன்னும் ஏழுதான் காட்டுதுப்பா, கிளம்பலாம்" என்றேன். அவர் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

இறக்குவதற்கு முன் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். மருந்தகத்து ஹாத்திம் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தார். அப்பாவை அவர் 'சனதின் அப்பா' என்ற பொருளில் அபூ சனத் என்றுதான் கூப்பிடுவார். "அபூ சனத், என் மாமியார் குடுக்குற வரவேற்ப விட உன் வண்டி ஜில்லுன்னு இருக்கேய்யா" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

எந்திரத்தைச் சரிசெய்ய அறுநூறு தினார் கேட்டார்கள். எங்களிடம் இல்லை. அந்த நடையையும் சேர்த்து அப்படியே பதினொரு நடை போனோம். எந்திரம் ஓடாமல் எப்படி ஏழு காட்டுகிறது என்று அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பரில் சனதின் வகுப்பில் படிக்கும் யஸன் இறந்துபோனான். அவனுக்கும் அதே வியாதி. அவன் அம்மா ஒழுங்காக ஊசி போடவில்லை என்று டாக்டர் சொன்னாராம். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, மருந்து வந்த அட்டைப்பெட்டியை நீட்டி, போனில் பார்த்துச் சொல்லச் சொன்னாள். எங்கள் வண்டியில் வந்ததுதான். அட்டையிலிருந்த க்யூஆர் கட்டத்தைப் போனில் பிடித்துக் காட்டினேன். வழி நெடுக ஆறு, ஏழு, ஆறு.

"மருந்துல குத்தமில்ல மாமி" என்றேன்.

"அப்போ நான்தான் கொன்னுட்டேன்" என்றாள்.

அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

இறந்தது மொத்தம் ஒன்பது பேர் என்கிறீர்கள். இருக்கலாம். கருவியை மாற்றி வைத்தது நான்தான், பதினொரு முறையும். அப்பாவை விட்டுவிடுங்கள். ஆனால் மருந்து கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியாது. சனதுக்கு வாங்கும்போது மட்டும் அட்டையைப் போனில் பிடித்துப் பார்ப்பேன். எங்கள் வண்டியில் வந்தது என்றால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்வேன். அது ஒரு அக்கா எடுத்துக்கொள்கிற கவனம், அவ்வளவுதான்.