இரண்டாம் குரல்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், சார். கிறீச்சென்று ஒரே சுரத்தில் உயிரை வாங்குகிறது. என் காது அப்படி. கண்ணையாவது மூடிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது?

ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ். ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரியில் சர்ச் பாடகர் குழுவுக்கு, கோயருக்கு, பாட்டு அமைத்துக் கொடுப்பேன். ஒரு குரல் ஏறினால் மற்றது இறங்க வேண்டும்; ஒட்டிக்கொண்டே ஓடக் கூடாது. உரசுகிற சுரம் வந்தால் அது இனிமையில் போய் அடங்க வேண்டும். இதெல்லாம் விதி. காது ஒப்புக்கொண்டால் கொஞ்சம் வளைக்கலாம். நானும் வளைத்திருக்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

எங்கள் லைனில் சாமான் தீர்ந்தால் ஒரு மெட்டு ஒலிக்கும். நாளெல்லாம் அதுதான். ரோபோ கை அசையப்போகிறது என்றால் வேறு அலாரம். உரசுகிற இரண்டு சுரம், அந்த மெட்டின் மேலேயே வந்து மோதும். கேட்டால் ஆள் திடுக்கிட வேண்டும் என்பது கம்பெனி விதி. அதுவும் ஒரு விதிதானே என்று நினைத்தேன். சுரங்களை மாற்றி, மெட்டுக்குப் பதில் சொல்கிற இரண்டாம் குரலாக அலாரத்தை அமைத்தேன்.

முதலில் கவனித்தது செந்தாமரை. அதே லைனில் ஆபரேட்டர், எங்கள் கோயரிலும் பாடுகிற பெண்.

“இன்னாண்ணே பண்ண இத? தலவலியே வர்ல. பாட்டு மாரி கீது.”

அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் அலாரம் அடித்தால் ஒன்றிரண்டு பேர் இன்னும் தலைதூக்கிப் பார்த்தார்கள். ஒரு சுரம் துருத்திக்கொண்டிருந்தது. அதையும் அடக்கினேன். பிறகு ஒருவரும் பார்க்கவில்லை.

ரோபோவைச் சுற்றியுள்ள வேலிக் கதவின் பூட்டு ரொம்ப நாளாகப் பழுது. உள்ளே ஏதாவது விழுந்தால் சட்டென்று போய் எடுப்பார்கள். அலாரம் அடித்தால் வெளியே ஓடி வந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை செந்தாமரை அப்படித்தான் போனாள். மெட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. குனிந்து தேடும்போது அலாரமும் சேர்ந்துகொண்டது. அவள் நிமிரவில்லை. கூடவே மெட்டை முணுமுணுத்தாள்.

நான் வேலிக்கு வெளியே நின்றேன். நிறுத்தும் பொத்தான் கையெட்டும் தூரம். அழுத்தினால் லைனோடு மெட்டும் பாதியில் அறுந்துவிடும். இரண்டு குரலும் அடங்க இன்னும் ஒரு மூச்சுதான் பாக்கி. கை போகவில்லை, சார். கூப்பிட வாயும் வரவில்லை. என்னால் ஆகவில்லை, அவ்வளவுதான். முடியட்டும் என்று நின்றேன். முடிந்தது.

பயத்தில் உறைந்துபோனேன் என்று சூப்பர்வைசர் ஸ்ரீதர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் எனக்குப் பயமே இல்லை, கேட்டுக்கொண்டுதான் நின்றேன். கோயர் பயிற்சியில் பாட்டைப் பாதியில் நிறுத்தினால் முதலில் முகம் சுளிக்கிறவள் செந்தாமரைதான். உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கு இது புரிந்திருக்கும்.